மஞ்சள் பெயிண்டும் பதினேழு எழுத்தும்

மார்ச் 2, திங்கள்

டாக்டர் முழங்காலை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாடிப்படியா? நாற்பது தேனீப் பெட்டிகளை வருடத்துக்கு இரண்டு முறை மலை முகட்டுக்கு ஏற்றி இறக்குகிறவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு மாத்திரை எழுதியிருப்பார்.

என்னோடு பெட்டி சுமந்தவர் மகள் வீட்டோடு போய்விட்டார். கீழே பூ முடிந்தாயிற்று. முகட்டில் மாதக் கடைசியில் பூக்கும், அதற்குள் பெட்டிகள் அங்கே போகாவிட்டால் தேனீக்களுக்குப் பட்டினிதான். தேன் வியாபாரி நாற்பதையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று மறுபடி கேட்டிருக்கிறார். இருபத்து மூன்றாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "சுமக்க ஆள் இல்லேன்னா சக்கரம் வாங்குவோம்" என்றார். போர்டு எழுதுகிறவருக்கு எல்லாமே ஒரு வரியில் முடிந்துவிட வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

வண்டி பார்த்தாயிற்று. மோட்டார் பைக்குக்கு நாலு தடித்த சக்கரம் மாட்டியது போல இருக்கிறது. மேடு, பள்ளம், கல், சேறு எதற்கும் அசராதாம். புதியது நமக்குக் கட்டாது. யாரோ கொடுத்து மாற்றிய பழைய வண்டி ஒன்று கடைப் பின்கட்டில் துருவோடு நின்றது. பின்னால் சின்ன டிரெய்லரும் உண்டு. என் முழங்கால் அதைப் பார்த்ததும் சிரித்தது.

டீலர் கடையில் விற்பனை பார்க்கிறவர் ஓயாமல் சிரிக்கும் மனிதர். கொட்டேஷன் கொடுத்தார். வண்டி விலைக்குக் கீழே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டேன். ஆவணக் கட்டணம் என்றால் என்ன? காகித வேலைக்கு மேடம். தயார்படுத்தும் கட்டணம்? கழுவித் தருவதற்கு மேடம். கழுவுவதற்கு இத்தனையா, எங்கள் வீட்டுப் பாத்திரத்தையும் கொண்டுவரட்டுமா என்றேன். அந்த வரியை மட்டும் அடித்தார். கடைசியில் விற்பனை வரி நின்றது. அதற்கும் சிரித்தார், அது எல்லோருக்கும் உண்டு என்று.

வண்டி விலைக்குக் கையில் இருக்கிறது. வரிக்கு இல்லை. எழுந்துவிட்டோம்.

உள்ளறையில் காகிதம் பார்க்கிற பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தேனீ வளர்க்கவா வாங்குகிறீர்கள் என்று கேட்டாள். பண்ணை வேலைக்கு வாங்கினால் வரி கிடையாதாம். ஒரு படிவம், நான் தேனீ வளர்க்கிறேன் என்பதற்கான பதிவுச் சீட்டு, பிறகு வரி அலுவலக அதிகாரி வீட்டுக்கு வந்து, வண்டிச் சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். சிரிப்புக்காரர் இதை ஏன் சொல்லவில்லை? தெரியாதா, சொல்ல மனமில்லையா? இந்தக் கண்ணாடி அக்கா நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 9, திங்கள்

பதினான்கு கையெழுத்து. என் பெயரே எனக்கு அந்நியமாகிவிட்டது.

லாரியில் வண்டி வந்து இறங்கியது. அதிகாரி பதினாறாம் தேதி வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் நம்பர் பிளேட். முகட்டுப் பாதைக்குப் போக மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டியாக வேண்டும், பிளேட் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஆகவே வண்டி கொட்டகையில் நிற்கிறது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

மார்ச் 11, புதன்

பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரு முனையிலேயே பெயிண்ட் வாசனை. துருப் பிடித்ததைப் பார்த்தால் இவருக்குக் கை சும்மா இருக்காது. வண்டி முழுக்க மஞ்சள். டிரெய்லரின் பக்கத்தில் ஒரு தேனீ, இறக்கையில் நரம்பு கூடத் தெரிகிறது. முப்பது வருடமாக ஊரார் கடைகளுக்கெல்லாம் எழுதியவர், எனக்கென்று வரைந்தது இதுதான் முதல். கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 16, திங்கள்

எங்கே தொடங்குவது.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் கூடத்துக்குள் வந்தார். படிவம் சரி, பதிவுச் சீட்டு சரி. கொட்டகைக்குப் போய், வண்டியின் முன்பக்கக் குழாய்க்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். சேஸிஸ் நம்பர் அங்கேதான் அடித்திருக்குமாம். மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். பதினேழு எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. இன்னும் தேய்த்தார். காகிதம் வழவழவென்று கறுத்தது.

இவர் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது.

அங்கே துருவும் சேறுமாக இருந்ததாம். கையில் கரகரவென்று தட்டியதாம். சமமாக்கப் பட்டிப் பசை வைத்து, இழைத்து, மேலே மூன்று கோட் அடித்துவிட்டாராம். ஆயுசெல்லாம் எழுத்திலேயே பிழைத்த மனிதருக்கு அந்தப் பதினேழு எழுத்து மட்டும் கண்ணில் படவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நம்பரை மறைக்கிறது திருட்டு வண்டிக்குப் பண்ற வேலைம்மா. நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். 'எண் காணப்படவில்லை' என்று எழுதினார். இருபத்து மூன்றாம் தேதி மறுபடி வருவாராம். அன்றும் நம்பர் தெரியாவிட்டால் முழு வரி, அதோடு விசாரணை.

அவர் போனதும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "உங்களை யாருங்க கேட்டா? யாரு கேட்டா பெயிண்ட் அடிக்கச் சொல்லி?" — அதையே பத்துத் தடவை. இவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே நின்றார். அது இன்னும் எரிச்சல்.

மார்ச் 17, செவ்வாய்

வியாபாரிக்குப் போன் செய்து, நாற்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

டீலர் கடைக்குப் போனோம். சிரிப்புக்காரர் இன்று சிரிக்கவில்லை. வண்டி எங்கள் வாசலைத் தாண்டிய பிறகு நீங்கள் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. கண்ணாடி அக்காதான் கோப்பைத் துழாவினாள். பழைய சொந்தக்காரரிடமிருந்து வண்டியை வாங்கியபோது எடுத்த பென்சில் தேய்ப்பு அதிலே இருந்தது, பதினேழு எழுத்தும் பளிச்சென்று. அதைக் கையில் கொடுத்தாள். ஆனால் காகிதம் மட்டும் போதாது, இரும்பிலும் தெரிந்தால்தான் அதிகாரி ஒப்புக்கொள்வார் என்றாள். சுரண்டவே கூடாது. எழுத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் சந்தேகம்தான்.

வரும் வழியில் இவர் பெயிண்ட் கரைக்கும் திரவம் ஒரு டப்பா வாங்கினார், இரண்டு பல் துலக்கும் பிரஷ்ஷும். நான் எதுவும் கேட்கவில்லை. வியாபாரியிடம் வார்த்தை கொடுத்தாயிற்று, இனி நம்பர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? உண்மையைச் சொன்னால், போன் வைத்ததும் முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றிருந்தது. இனி ஏற வேண்டாம். அந்த அப்பாடா ஒரு மணி நேரம்தான் நின்றது.

மார்ச் 20, வெள்ளி

இரண்டு நாளாகக் கொட்டகையில் குப்புறப் படுத்துக் கிடக்கிறார். பஞ்சில் திரவத்தை நனைத்து ஒட்டுகிறார், காத்திருக்கிறார், பிரஷ்ஷால் வருடுகிறார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போனது.

"பூசித்தான் பழக்கம்மா. உரிக்கிறது இதுதான் மொத தடவை" என்றார்.

மார்ச் 21, சனி

வந்துவிட்டது!

மத்தியானம் கூப்பிட்டார். ஓடினேன், முழங்காலோடுதான். பட்டி ஒரு விள்ளலாகப் பெயர்ந்து வந்திருக்கிறது, அடியில் எழுத்து, கூராக, ஒரு கீறல் இல்லாமல். நான் கோப்புக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன், இவர் இரும்பில் விரல் வைத்துத் தடவிச் சொன்னார். பதினேழும் ஒத்துப்போனது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அழுக்கைச் சரியாகத் துடைக்காமல் பட்டி வைத்ததால்தான் அது இரும்பில் ஒட்டவில்லையாம். தலையைக் குனிந்துகொண்டு, "வெளியில சொல்லிடாத. வேலைய ஒழுங்கா செஞ்சிருந்தா மாட்டியிருப்போம்" என்றார். ஐந்து நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

உடனே வியாபாரி ஞாபகம் வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன். மனம் மாறிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் முதலில் சலித்துக்கொண்டார். பிறகு, முன்பணம் கைமாறவில்லை, அதனால் விடுகிறேன், தேன் எடுத்தால் முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன்.

மார்ச் 23, திங்கள்

அதிகாரி குந்தினார், தேய்த்தார், இரண்டு காகிதத்தையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். வரி இல்லை. போகும்போது அந்தத் தேனீயை வரைந்தது யார் என்று கேட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

வியாழனன்று பிளேட் வந்தது. இன்று நாற்பதும் முகட்டில். மூன்று விடியற்காலை, தடவைக்கு நாலு பெட்டி. தேனீ வெளியே வராமல் வாசலில் வலை கட்டி, பெட்டியை பெல்ட்டால் இறுக்கி, நானே ஓட்டினேன். இவர் டிரெய்லர் பின்னால் நடந்து வந்து, மெதுவா மெதுவா என்று என் உயிரை எடுத்தார். மேலே முதல் பூ விரிந்திருக்கிறது. முழங்கால் வலிக்கிறது, ஆனால் ஏறிய வலி இல்லை.

சேஸிஸ் நம்பரைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் போட்டு, அதன் கீழே 'பெயிண்டர் கவனத்துக்கு' என்று எழுதியிருக்கிறார். தனக்குத்தானே போர்டு.

டீலர் பில்லைப் பத்திரப்படுத்த இவருடைய மேஜை டிராயரைத் திறந்தேன். வேலை எழுதி வைக்கும் நோட்டு மேலே கிடந்தது. பதினேழாம் தேதிப் பக்கம்:

'தேன் வியாபாரி போன். நாற்பது பெட்டியில் பழைய எழுத்தை அழித்து அவர் கடைப் பெயர் எழுத வேண்டும். 23க்குப் பிறகு சொல்வதாகச் சொன்னேன்.'

ஊருக்கு இவர் ஒருவர்தானே பெயிண்டர். நான் போனை வைத்த கையோடு அந்த மனிதர் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை? எல்லாம் தெரிந்துகொண்டுதான் இரண்டு நாள் குப்புறக் கிடந்து தேய்த்தாரா? ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்னை.

அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் இருபத்தோராம் தேதி போட்டு, 'இந்த வேலை இல்லை' என்று எழுதியிருக்கிறார். போர்டுக்கு எழுதுகிற அதே நிதானமான எழுத்து.

நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். வண்டிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.