எனக்கு பிரவுசர் போதுமாம்

செவ்வாய்க்கிழமை

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபன் என்னைக் கேட்காமலேயே என் லேப்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இணையத்திலேயே ஓடும் புது சிஸ்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். "நீ மெயில் பாப்ப, வீடியோ பாப்ப. உனக்கு பிரவுசர் போதும்" என்றார். கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடம். பக்கத்து அறையில் என் எம்பிராய்டரி மெஷின் ஓடும் சத்தம் இவர் காதில் விழுந்ததே இல்லை போல.

இன்று காலை பக்கத்துத் தெரு தேவி அக்கா மகளின் கல்யாண பிளவுஸுக்கு மயில் டிசைனைச் சின்னதாக்க உட்கார்ந்தேன். டிசைன் சாஃப்ட்வேர் இல்லை. இந்த சிஸ்டத்தில் அதை ஏற்றவே முடியாதாம். ஸ்டீபனுக்குப் போன் செய்தால், "ஆன்லைன்ல ஏதாவது இருக்கும், தேடிப் பாரு" என்கிறார். தேடினேன். எதுவும் என் மெஷினுடைய ஃபைலைத் திறக்கவில்லை. மதியம் நெட்டும் போனது. அதன்பிறகு லேப்டாப் வெறும் தட்டு.

நான்கு மணிக்கு தேவி அக்கா வந்தார். "இன்னாமா, வெள்ளிக்கெழம கல்யாணத்த வச்சிகினு இப்ப முடியாதுன்றியே! துணியக் குடு, ஆவடில குடுத்துக்கறேன்." கொடுத்துவிட்டேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

இரவு சாப்பிடும்போது ஸ்டீபனிடம் சொன்னேன். "சாதாரண ஆளுங்களுக்கு அது தாராளம். உன் கேஸ் வேற" என்றார். அவர் மட்டும் ஹாலில் பெரிய கம்ப்யூட்டர் வைத்து கேம் ஆடுவார்.

"நாளைக்கு உங்க கம்ப்யூட்டர்ல கேமை எல்லாம் தூக்கிட்டு என் சாஃப்ட்வேரைப் போடப் போறேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "என்னக் கேக்காம எப்படி?" என்றார்.

அவருக்கு இன்னும் புரியவில்லை.