பின்பாரமாக நின்ற மாமாவுக்கு

வயிறு குலுங்கச் சிரிக்கிற என் ஏகாம்பரம் மாமாவுக்கு,

உன் மச்சான் தணிகாசலம் எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமும் உன் படத்துக்கு மாலை வாங்கிப் போட்டேனே தவிர, உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு மூடிவைக்கப் போவதில்லை. நம் கம்பெனியில் சங்கத்து நோட்டீஸ் பலகை இருக்கிறதல்லவா, அதில் ஒட்டப் போகிறேன். உன் பேர் கெட்டது அந்த காம்பவுண்டுக்குள்தானே? அங்கே இருக்கிறவர்களும் படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. கும்மிடிப்பூண்டி ரோட்டில் நாம் சைக்கிள் மிதித்த வழியெல்லாம் இப்போது புதுசு புதுசாகச் சுவர் எழும்புகிறது. காலை ஷிப்டுக்குக் கவரைப்பேட்டையில் ரயில் இறங்குகிற கூட்டத்தை நீ பார்த்திருந்தால், இத்தனை பேரும் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள் என்றுதான் கவலைப்பட்டிருப்பாய். அக்கா நம் கேன்டீனில்தான் வேலை செய்கிறாள். நீ போகும்போது மூன்று வயசாக இருந்த உன் அம்சா இப்போது ஆறாவது படிக்கிறாள். கணக்கில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

நம் சின்ன டிராக்டரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன், பார்.

உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய இரும்பை உருக்குகிற கம்பெனி நம்முடையது. உலையிலிருந்து வருகிற கசடு வெளியே மலை மாதிரிக் கிடக்கும். அதை அள்ளி லாரியில் கொட்டுவதற்காக, வெல்டரான நான் அந்தச் சின்ன டிராக்டருக்கு முன்னால் இரண்டு இரும்புக் கைகளும் ஒரு பக்கெட்டும் செய்து மாட்டினேன். எனக்கு எவ்வளவு பெருமை! முதல் நாள் பக்கெட் நிறைய அள்ளித் தூக்கினேன். முட்டப் போகிற கிடா மாதிரி வண்டி முன்னால் குனிந்தது, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. எல்லாரும் சிரித்தார்கள்.

முன்னால் பாரம் ஏற்றினால் பின்னாலும் பாரம் வேண்டும். இது எனக்குத் தெரியாதா? ஒரு டிரம்மில் கான்கிரீட் போட்டு, பின்பக்கம் ஏர் மாட்டுகிற கைகளில் தொங்கவிட்டால் போதும். அது ஆகிறவரைக்கும் என்று அந்தக் கைகளின் மேல் ஒரு பலகையைக் கட்டி ஆளை நிற்கவைத்தோம். "பாரம் ஏறுங்கப்பா" என்று நான் சீட்டிலிருந்து குரல் கொடுப்பேன். கனத்த உடம்புக்காரன் எவன் பக்கத்தில் இருக்கிறானோ அவன் ஏறி நிற்பான். பெரும்பாலும் நீதான். உன் தொப்பைக்கு இப்போதுதான் ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்று நான் கேலி செய்தால், அதைத் தட்டிக் காட்டி, "பர்மனென்ட்டு போஸ்ட்டுடா" என்பாய்.

பர்மிட் இல்லாமல் சிமென்ட் கிடைக்காத காலம் அது. கம்பெனி அலைந்து திரிந்து இரண்டு மூட்டை வாங்கியது. அந்த வாரமே பின்பாரம் போட்டுவிடச் சொல்லி மேனேஜர் அதை என் பொறுப்பில் கொடுத்தார். ஐப்பசி மழை அது. என் பெண்டாட்டி கைக்குழந்தையோடு அம்மா வீட்டிலிருந்து வந்திருந்தாள். எங்கள் வீட்டு மண் தரையில் எங்கே கை வைத்தாலும் ஓதம். குழந்தைக்கு ராத்திரியும் பகலும் இருமல். நீ வந்து பார்த்தாய். நான் அந்த இரண்டு மூட்டையைப் பற்றி வாயெடுத்ததும் நீ யோசிக்கவேயில்லை.

"கொழந்த ஈரத்துலியா படுத்துக்கினு கீது? மொதல்ல தரையப் போட்றா. வண்டிக்குப் பின்னாடி நிக்க நான் இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை அந்த சிமென்ட்டைப் போட்டு நீயே முட்டி போட்டுத் தரையைத் தேய்த்துக் கொடுத்தாய். மேனேஜரிடம் நான், மழை விட்டதும் கான்கிரீட் போடுகிறேன் சார் என்று நாளைக் கடத்தினேன். அவரும் நம்பினார்.

மழை விட்டிருந்த ஒரு காலை. லாரி காத்திருந்தது. கசடு தண்ணீரில் ஊறிக் கனத்துக் கிடந்தது. நீ கையில் டீயோடு ஷெட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாய். நான்தான் கூப்பிட்டேன். "மாமா, பாரம் ஏறு, ஒரே ஒரு நடை." டம்ளரைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு வந்து ஏறினாய்.

பக்கெட்டைத் தாழ்த்திக்கொண்டு போயிருக்க வேண்டும். லாரி பக்கத்தில்தானே நிற்கிறது என்று தூக்கியபடியே வண்டியைத் திருப்பினேன். முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பின்பக்கம் எழும்பியது, நீ சறுக்கி விழுந்தாய். பக்கெட்டில் இருந்த கசடு சரிந்து கொட்டியதும் பின்சக்கரம் திரும்பக் கீழே வந்தது. அங்கே நீ இருந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் என் மடியிலேயே உயிர் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மேனேஜர் அறையில் கூப்பிட்டு விசாரித்தார்கள். யார் ஏறச் சொன்னது என்று கேட்டார்கள். "நான் ஏறாதன்னுதான் சார் சொன்னேன். அவர் கேக்கல." இதுதான் மாமா என் வாயிலிருந்து வந்தது. உன் ரத்தம் காயாத சட்டையோடு நின்றுகொண்டு சொன்னேன். அவர்களுக்கும் அது வசதியாக இருந்தது, உடனே எழுதிக்கொண்டார்கள். சிமென்ட் எங்கே என்று யாருமே கேட்கவில்லை.

வேலை போய்விடும், போலீஸ் வரும், கைக்குழந்தை இருக்கிறது. காரணம் இருந்தது. நியாயம் இருந்ததா? செத்த மனுஷன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறான் என்று என் மனசு கணக்குப் போட்டதோ? சீ, என்ன ஜென்மம் நான்.

அடுத்த வாரமே எங்கிருந்தோ சிமென்ட் வந்து இறங்கியது. நான்தான் கலந்தேன், நான்தான் டிரம்மில் கொட்டினேன். அதை மாட்டிய நாளிலிருந்து வண்டி ஒரு தடவைகூடப் பின்னால் எழும்பவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லாரும் அந்த டிரம்முக்கும் குங்குமம் வைக்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

போன வாரம் உன் தெவசம். அக்கா வழக்கம்போல நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்தாள். கற்பூரம் ஏற்றிவிட்டு, வருஷா வருஷம் செய்கிறாற்போல உன் படத்தைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள். சின்னப் பையன், அவன் படித்துப் படித்துச் சொன்னானே, கேட்டாயா, என்னை இப்படி விட்டுவிட்டுப் போனாயே என்று. எட்டு வருஷமாக நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிற அதே பாட்டுத்தான். ஆனால் இந்தத் தடவை அம்சா மாலையைச் சரிசெய்துகொண்டே குறுக்கே பேசினாள். கோபமாகக்கூட இல்லை, மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது மாதிரி.

"விடும்மா. சொல் பேச்சு கேட்டிருந்தா இருந்திருப்பாரு. கேக்கல, பூட்டாரு."

உன் மகளுக்கு உன்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான் மாமா. உன் சிரிப்பு தெரியாது, தொப்பை தெரியாது. நான் சொன்ன பொய் மட்டும்தான் அவளுக்கு அப்பா. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

பின்பக்கம் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், சிமென்ட் உட்பட. துடைப்பத்தை எடுத்துச் சாத்துவாள் என்று நினைத்தேன். சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாம்பல் கையோடு, நான் கூப்பிட்டபோது அவர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள். டீ ஆறிவிடுமே என்றார், ஆனாலும் வந்தார் என்றேன். அப்போதுதான் அழுதாள்.

"எட்டு வருசமா அந்த மனுசன வாய்க்கு வந்தபடி திட்டிக்கினு இருந்தேனேடா. பாப்பாகிட்ட நீயே சொல்லு. என் வாயால சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. கேன்டீனில் என் தட்டில் சோற்றைப் போடுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. அது நான் சம்பாதித்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை இந்தக் கடிதம் பலகையில் இருக்கும். வருவது வரட்டும். அதற்கு முன்னால், நாளைக் காலையில், அம்சாவை உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். என்னை மாமா என்று அவள் கூப்பிடுவது நாளையோடு நின்றுபோனாலும் சரி. உங்க அப்பா சொல் பேச்சு கேக்காம சாவலம்மா, கேட்டதாலதான் செத்தாரு, ஏறச் சொன்னது நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். உன்மேல் சத்தியம்.

எவன் கூப்பிட்ட குரலுக்கு நீ ஓடிவந்தாயோ, அந்த
உன் மச்சான்,
தணிகாசலம்