நேற்று எங்கெல்லாம் போனீர்கள்?

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுவதாகப் போனில் சொல்வதெல்லாம் பொய் என்று உன் புருஷனே போட்டுக் கொடுத்துவிட்டான்.

நம் ஊருக்கு அடுத்த முப்பது வருஷத்துக்கு ரயில், பஸ், சாலை எப்படி இருக்க வேண்டும் என்று நீ போடும் திட்டத்துக்காக, கணக்கெடுக்கும் பெண் ஒருத்தி நம் வீட்டுக்கும் வந்தாள். நான் யாரென்று மூச்சு விடவில்லை. நேற்று எங்கெல்லாம் போனீங்க என்றாள். எங்கேயும் போகல, வீட்லதான் இருந்தேன் என்றேன். அவள் விடவில்லை. பால் யார் வாங்கினது, மாத்திரை எப்படி வந்தது, தைக்கக் கொடுத்த துணியை யார் கொண்டுவந்தது என்று தோண்டித் துருவினாள். எண்ணினால் ஏழு தடவை தெருவில் இறங்கி நடந்திருக்கிறேன். 'எங்கேயும் போகலன்னு சொன்னா நம்பாதீங்கன்னு எங்க மேடம் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க' என்றாள். அந்த மேடம் என் மருமகள்தான் என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முப்பத்தைந்து வருஷமாக நான் நடப்பதை இந்த வீட்டில் யாரும் எண்ணியதில்லை, நான் உட்பட. அதை எண்ண வேண்டுமென்று உனக்குத் தோன்றியதே, எனக்கு அவ்வளவு பெருமை. மருமகளை இப்படித் தலையில் தூக்கிவைத்து ஆடும் மாமியாரை இப்போதுதான் பார்ப்பதாக மாடி வீட்டுக்காரி சொல்கிறாள். பார்க்கட்டும்.

நடப்பவர்களை விட்டுவிட்டு வண்டியில் போகிறவர்களை மட்டும் எண்ணினால் போதும் என்று மேலதிகாரிகள் நெருக்குகிறார்களாமே. திங்கட்கிழமைக் கூட்டத்தில் நீயும் தலையாட்டிவிடப் போகிறாயாம், உன் புருஷன்தான் சொன்னான். உன் சங்கடம் புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் உன் மாமனாரையும் கேட்டாள். எவ்வளவு துருவியும் அவர் கணக்கு பூஜ்யம்தான். மூட்டு வலி என்று காரணம் சொன்னார். மூட்டு வலியெல்லாம் இல்லை. இரண்டு மாதம் முன்பு பெரிய சாலையைக் கடக்கும்போது பாதியில் சிக்னல் மாறிவிட்டது. இரண்டு பக்கமும் லாரிகள் உரசிக்கொண்டு போக, நடுவில் கைத்தடியோடு நின்றிருக்கிறார். மருந்துக் கடைக்காரர்தான் கைபிடித்துக் கூட்டி வந்தார். அதிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. பயம் என்று என்னிடம்கூடச் சொல்லமாட்டார். உன்னைக் கவலைப்படுத்த வேண்டாமென்று நானும் மறைத்துவிட்டேன்.

இன்று காலை பேப்பரிலிருந்து தலை நிமிராமலே, மருமக திட்டம் எப்போ முடியும் என்று கேட்டார். முப்பது வருஷம் என்றேன். பேப்பரில் ஒரு பக்கம் புரட்டினார். பிறகு, 'ரோட்டைத் தாண்டறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் குடுக்கச் சொல்லு. எனக்கில்ல, பொதுவாச் சொன்னேன்' என்றார்.

திங்கட்கிழமை தலையாட்டிவிடாதே, அம்மா. நீ நன்றாக இருப்பாய்.

உன் அத்தை