ரோட்டுப் பக்கம் போன பந்து

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஆட்டுத் தொடையை அறுத்து, ஓரத்து வெள்ளைக் கொழுப்பை வழித்துத் தனியாக வைத்துவிட்டு, "கொழுப்பு போடட்டுமா பெருசு?" என்று கேட்டார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நிற்கிற இடமே எனக்கு மறந்துபோனது. உன் வாடகை சைக்கிள் கடைதான் கண்ணுக்கு வந்தது. தகர டப்பாவில் ஆட்டுக்கொழுப்பை உருக்கி, பந்துத் தோல் வெடிக்காமல் இருக்க விரலால் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். தேய்த்த கையைத் துடைக்காமல் எனக்கு டீ கிளாஸை நீட்டுவாய். உன் கடையில் நான் குடித்த டீயெல்லாம் ஆட்டு வாடைதான்.

எனக்கு முன்னால் இரண்டு பேர், ஷிப்ட் முடித்து கம்பெனிச் சட்டையோடு நேராக வந்தவர்கள், வெளிநாட்டுக் கால்பந்து மேனேஜர் ஒருவரைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அவர் கை வைத்த டீமெல்லாம் ஜெயித்ததாம். இப்போது எங்கே போனாலும் தோல்வியாம். "அந்தாளு முடிஞ்சாரு, விடு" என்றான் ஒருவன். டீம் சரியில்லாவிட்டால் அவர் என்ன செய்வார் என்றான் மற்றவன். நான் சும்மா இருந்திருக்கலாம். "முடிஞ்சாருன்னு எத வெச்சி தம்பி சொல்ற?" என்று கேட்டுவிட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். தோற்றுக்கொண்டே இருக்கிறாரே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்றான். பிறகு கறியை வாங்கிக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள். எனக்கு அது பதிலாகப் படவில்லை. உன்னைப் பற்றி நம் ஊர் இதையே கேட்டபோதும் ஒழுங்கான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஊரில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் குறைவு. மேனேஜர் என்றால் நீதான். கம்பெனிகள் வந்து ஊருக்கு நூறு மேனேஜர் ஆவதற்கு முன்பே நீ மேனேஜர். இத்தனைக்கும் ஒரு மேட்சில்கூட நீ பந்தை உதைத்ததில்லை. உன் தொப்பைக்கு அது ஆகாது என்று உனக்கே தெரியும். என் தங்கை ஸ்டெல்லாவை உனக்குப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று எங்கள் அப்பா கேட்க, ஃபுட்பால் என்று நீ முந்திக்கொண்டு சொல்ல, சைக்கிள் கடையைப் பற்றி உங்கள் அம்மா அவசர அவசரமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கதையை ஸ்டெல்லா இன்றும் சிரிக்காமல் சொல்லி முடிப்பதில்லை.

நமக்கு மைதானம் என்றால் ஏரிதான். சித்திரை பிறந்தால் தண்ணீர் வற்றிவிடும். ஏரிக்குள்ளே, கரையை ஒட்டி நீளவாக்கில் கம்பு நட்டு கோல் கட்டுவோம். மேட்ச் நாள் காலையில் நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு அந்த இடம் முழுக்க ஒரு நடை நடப்பாய். யாரும் கூட வரக்கூடாது. நடந்து முடித்து வந்தபிறகுதான் யார் எங்கே நிற்பது என்று சொல்வாய். தரை, மதகு இருக்கிற கரைப் பக்கமாக லேசாகச் சரியும். கண்ணுக்குத் தெரியாது. "பந்துக்குத் தண்ணியோட புத்திடா, அது மதகைத்தான் தேடும்" என்பாய். ஆளைப் பார்த்து உதைக்காதே, ஆளுக்குக் கொஞ்சம் மேட்டுப் பக்கமாக உதை, மற்றதைத் தரை பார்த்துக்கொள்ளும் என்று ஒவ்வொருவன் காலிலும் பழக்கிவைத்தாய். வெளியூர் டீம்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரும். அவர்கள் உதைத்த பந்து ஆளைவிட்டு நழுவி நழுவிப் போகும். நம்முடையது கூப்பிட்டு வைத்த மாதிரி காலுக்கு வந்து சேரும். நான் கோல் கீப்பர். எனக்குப் பல மேட்சில் வேலையே இருக்காது, நின்று வேடிக்கைதான்.

அந்தோனியார் திருவிழாக் கோப்பை அடுத்தடுத்து நமக்கே வந்தது. மாட்டுவண்டியில் உன்னை ஏற்றி, மேளத்தோடு தண்டலம் வரைக்கும்கூட ஒரு தடவை கொண்டுபோனார்கள். நீ வெட்கப்பட்டுக்கொண்டு கோப்பையை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாய். வீட்டில் இடம் இல்லாமல் ஒரு கோப்பையில் ஸ்டெல்லா புளி போட்டு வைத்தாள்.

பிறகு பெங்களூர் ரோட்டை ஒட்டி முதல் கம்பெனி வந்தது. அவர்கள் தொழிலாளர்களுக்கென்று புல்டோசர் விட்டு ஒரு மைதானம் அடித்தார்கள். சுண்ணாம்புக் கோடு, இரும்பு கோல் போஸ்ட், மைக் செட் எல்லாம் இருந்தது. திருவிழாக் கோப்பையையும் அங்கேயே நடத்தலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. நமக்கும் சந்தோஷம்தான். முதல் வருஷம் முதல் மேட்சிலேயே தோற்றோம். கம்பெனி டீமில் பெரிய ஆட்டக்காரன் யாரும் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. அடுத்த வருஷம் உப்புச்சப்பில்லாத ஒரு டீமிடம் தோற்றோம். நடுவில் அதே மைதானத்தில் ஆடிய சில்லறை மேட்சுகளிலும் தோல்விதான்.

நீயும் சும்மா இருக்கவில்லை. ஆட்களை மாற்றிப் பார்த்தாய். ஓடவே தெரியாத ஆரோக்கியத்தை வலது ஓரத்தில் நிறுத்திப் பார்த்தாய். அந்தோனியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாய். அந்த மைதானத்திலும் காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாய். நடந்து முடித்து எங்களிடம் வந்து செருப்பை மாட்டிக்கொண்டாய். யார் எங்கே நிற்பது என்று பழையபடியே சொன்னாய். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, மச்சான்.

டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. மேனேஜருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்றார்கள். வண்டியில் உன்னை ஏற்றியவர்களே சொன்னார்கள். கமிட்டித் தலைவர் தேவராஜ், லாரி வைத்திருந்தாரே அவர், என்னை வழியில் நிறுத்தி, வரும் திருவிழாவிலும் தோற்றால் உன்னை ஓரமாக உட்காரச் சொல்ல வேண்டியதுதான், அடுத்து நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனுஷர் நிஜமாகவே உனக்காக வருத்தப்பட்டார். நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை. ஸ்டெல்லாதான் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தோத்ததுக்கெல்லாம் அவரு கவலப்படலண்ணா. ஏன் தோத்தோம்னு தெரியல பாரு, அதுக்குத்தான் சோறு எறங்க மாட்டேங்குது அவருக்கு" என்றாள்.

கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து எனக்கும் அதே நோய் பிடித்தது. நீ நிஜமாகவே முடிந்துவிட்டாயா, இல்லை வேறு எதுவோ நடக்கிறதா என்று கண்டுபிடிக்காமல் இருக்க முடியவில்லை.

அது உன் கடையில் வைத்துத்தான் பிடிபட்டது. பந்துக்குள்ளே இருக்கும் ரப்பர் பிளாடரைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். கம்பெனி கிரவுண்டுக்குப் போனதிலிருந்து மேட்சுக்கு மேட்ச் பங்சர். ஏரியில் ஆடும்போது இப்படி இல்லையே என்று கேட்டேன். அங்கே ஒரு பக்கம் சீமைக்கருவேல வேலி இருக்கிறது, முள் குத்துகிறது என்றாய். இன்னொரு பக்கம் ரோடுதானே, அந்தப் பக்கம் பந்து போகாதா என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். உன் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. நானும் யோசித்துப் பார்த்தேன். கோலில் நின்று பார்க்கிறவன் நான், எல்லாப் பந்தும் எனக்கு எதிரில்தான் போகிறது. நம் ஆட்கள் உதைத்த பந்து ரோட்டுப் பக்கம் வெளியே போய் நான் பார்த்ததே இல்லை. முதல் பாதியானாலும் இரண்டாம் பாதியானாலும், எந்தக் கோலைப் பார்த்து ஆடினாலும், முள் வேலிப் பக்கமேதான் போயிருந்தது.

"ரோடு மேடா கீதுடா மச்சான்" என்றாய். அவ்வளவு மெதுவாக நீ பேசி நான் கேட்டதில்லை. "நம்ம பசங்க காலு அத ஏரிக்கரைன்னு நென்ச்சிக்கினு கீது."

ஆமாம், மண் கொட்டி உயர்த்திய ரோடு மைதானத்தின் ஓரத்தில் நீளமாக ஓடியது. பார்வைக்கு அச்சாகக் கரை. கண் அதைப் பார்த்ததும் கால் தானாக எதிர்ப்பக்கம் ஒதுக்கி உதைக்கிறது. ஏரியாக இருந்தால் பந்து சரிந்து ஆளிடம் வந்திருக்கும். இது மட்டத்தரை. பந்து போன திசையிலேயே போய் முள்ளில் விழுந்தது. நீ சொல்லிக்கொடுத்ததை ஒருத்தனும் மறக்கவில்லை, அதனால்தான் தோற்றோம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கண்ணில் மட்டும் என்னவோ வெளிச்சம் வந்திருந்தது.

கோயில் ஃபாதரிடம் சொல்லி இந்த வருஷ மேட்சை ஏரிக்கே மாற்றிக்கொள்ளலாம், கோப்பையும் வரும், உன் பேரும் நிற்கும் என்று நான் யோசனை சொன்னேன். கேட்டால் ஃபாதர் சரி என்றிருப்பார். நீ தலையை ஆட்டிவிட்டாய்.

"ஏரில ஜெயிக்கிறது எனக்குத் தெரிஞ்சதுதான மச்சான். அதுல பாக்கறதுக்கு இன்னா கீது?"

அப்படிச் சொன்னவனை என்ன செய்வது? பென்னலூர் போகிற வழியில் இருந்த பெரிய நெற்களத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாய். நாலு பக்கமும் வயல், கரை மாதிரி எதுவுமே கண்ணில் படாத இடம். ஆளைப் பார்த்து நேராக உதை என்று, இத்தனை வருஷம் சொன்னதற்கு நேர் எதிராகச் சொன்னாய். ஆட்களுக்குக் கோபம் வந்தது. மேனேஜருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஆரோக்கியம் என் காதில் சொன்னான். பழகிய கால் ஒரு வாரத்தில் திரும்புமா? திருவிழாவும் வந்துவிட்டது.

அந்த மேட்சை என்னால் மறக்க முடியாது. முதலில் பழைய கதைதான், வேலி, வேலி, மறுபடியும் வேலி. கம்பெனி டீம் ஒரு கோல் போட்டுவிட்டது. ஊர் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இரண்டாம் பாதியில், ஆரோக்கியம் உதைத்த ஒரு பந்து ஆளையும் தாண்டி, கோட்டையும் தாண்டி, ரோட்டு மேட்டில் ஏறி, நின்றிருந்த லாரிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. பந்து எதிரிக்குப் போய்விட்டது. நம் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நீ மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கை தட்டிக்கொண்டு ஆடினாய். அத்தனை சனத்துக்கு நடுவில், தொப்பை குலுங்க, தனியாக. அடுத்து இன்னொன்று ரோட்டுப் பக்கம் போனது. அதற்கும் ஆடினாய். நம் பசங்க கால் அந்தக் கரையை மறக்கத் தொடங்கிவிட்டது என்று கோலில் நின்ற எனக்குத்தான் தெரியும். எனக்குக் கண் கலங்கி எதிரில் வந்த பந்து சரியாகத் தெரியவில்லை.

ஒரு கோலில் தோற்றோம். பந்து வெளியே போனதற்குக் கை தட்டுகிற மேனேஜரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார் தேவராஜ். நான் விளக்கப் பார்த்தேன். ரோடு, கரை, கால் என்று நான் சொல்லச் சொல்ல, மச்சானுக்குப் பரிந்துகொண்டு பேசுகிறான் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நீ பந்தையும் கொழுப்பு டப்பாவையும் என் கையில் கொடுத்துவிட்டு, களத்தில் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே என்றாய். நான் விடவில்லை.

அடுத்த வருஷம் அதே மைதானத்தில் கோப்பை நமக்கு வந்தது. மாட்டுவண்டிக்குப் பதில் தேவராஜின் லாரியில் என்னை ஏற்றினார்கள். இது என் மச்சான் வாங்கிய கோப்பை என்று மைக்கில் சொன்னேன். மைக் கரகரத்தது. கேட்டவர்களும் அதை உறவு முறைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் உன்னைத் தேடினேன். வரவே மாட்டாய் என்று நினைத்தேன். சனமெல்லாம் ரோட்டுக்கு ஏறிய பிறகு பார்த்தால், காலியான மைதானத்தில் நீ ஒருத்தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டிருந்தாய். லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தேன். இன்னும் என்ன தேடுகிறாய், இதுதான் மட்டத்தரை ஆயிற்றே என்று கேட்டேன்.

"மட்டம்தான். ஆனா இதுலயும் ஒண்ணு கீது மச்சான். இன்னும் புடிபடல" என்றாய்.

முடிந்துபோன மனுஷன் பேசுகிற பேச்சா அது? கறிக்கடையில் அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். மனுஷன் தோற்கிறதைப் பார்க்காதே, அவன் காலையில் செருப்பைக் கழற்றி நடக்கிறானா என்று பார் என்று சொல்லியிருக்கலாம். அந்த மேனேஜர் எந்தத் தேசத்தில் இருக்கிறாரோ, அவர் நடக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. சொல்லத்தான் ஆள் இல்லை.

கொழுப்பை வாங்கிக்கொண்டேன். வீட்டில் பந்து எங்கே இருக்கிறது? இது எதற்கு என்று மருமகள் கேட்டாள், எங்க வூட்டு மேனேஜருக்கு என்று சொல்லி ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ கண்ணை மூடிய பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மைதானம் இப்போது கார் ஏற்றும் லாரிகள் நிற்கிற இடம். முழுக்க சிமென்ட். காலை நடைக்கு அந்தப் பக்கம் போனால், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக ஒரு நடை நடக்கிறேன். இன்னும் புடிபடல, மச்சான்.