கடல்மேல் நடந்த முத்தையா

ஐப்பசி 12, செவ்வாய்

வாடைக்காற்று. ஊர்காவற்துறை வள்ளம் ஓடவில்லை. ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேண்டும். ஒடிக்கவில்லை. மனம் ஓரிடத்தில் நில்லாது.

மகன் அனுப்பிய போனுக்குச் சொல்கிறேன், அது எழுதுகிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது.

பள்ளிக்கூட டீச்சர் வந்து போனா. சரித்திரப் பாடமாம். இருந்த மனிசன் எப்படிக் கதையாகிறான் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். எங்கள் துறையில் நினைவுக்கல்லாக நிற்கிற வள்ளக்கார முத்தையாவை எடுத்திருக்கிறா.

“பிள்ளைப்பெறுகாரியைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு மேலாலை நடந்தவர் எண்டு எழுதியிருக்கினம், அப்பு. அண்டைக்கு அவரோடை போன ஆக்களிலை நீங்கள்தானே மிச்சம். வந்து நடந்ததைச் சொல்லுங்கோ.”

ஓம் என்றுவிட்டேன். பிறகுதான் யோசனை. அந்தப் பிள்ளைப்பெறுகாரி எங்கள் அம்மா. பிறந்தது தங்கச்சி ராசம்மா. கதையில் அம்மா பிள்ளையோடு எங்கள் அனலைதீவுக்குத் திரும்புகிறா. உண்மையில் ஊர்காவற்துறை ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டா. இடம்பெயர்ந்து திரும்பிய ஊர். அதை அறிந்த கிழடுகளும் இப்போது இல்லை.

13, புதன்

நான் பள்ளிக்கூடத்தில் சொல்லப்போவது ராசம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. குசினிக்குள் சட்டிகளின் சத்தம்.

“அந்தக் கல்லுக்கு ஒரு கை கடல்தண்ணி ஊத்திப்போட்டுத்தான் வயித்துப்பிள்ளைக்காரியள் வள்ளம் ஏறுகினம். தாய் செத்தவ எண்டு சொல்லப்போறியளோ, அண்ணை?”

“நடந்ததைத்தானே கேக்கினம்.”

“கதையிலையெண்டாலும் அவ வீட்டை வரட்டுமன்.”

துறைக்குப் போனேன், வந்தேன். திரும்பவும் போனேன். வேலை ஒன்றும் இல்லை அங்கே.

முத்தையா: கள்ளு. கெட்ட வாய். பெரிய கை. அன்று எதிர்க்காற்று, பாய் இழுக்க ஏலாது. வத்துக் கடல், தண்ணீர் இறங்கிய நேரம். இறங்கி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தார். இடுப்பளவு தண்ணீர், சில இடம் நெஞ்சளவு. ஆழம் வந்தால் ஏறிக் கம்பு குத்துவார். நான் சிரட்டையால் தண்ணீர் இறைத்தேன். அந்நாளில் எல்லோரும் நடந்த கடல்தான். இப்போது இயந்திர வள்ளம். கடலில் நடந்த ஒருவரையும் இந்தப் பிள்ளைகள் கண்டதில்லை. அதுதான் அதிசயமாகிவிட்டது.

15, வெள்ளி

தோய்த்த வேட்டியோடு பள்ளிக்கூடம் போனேன். ராசம்மாவும் பின்னால் வந்தாள். நான் கூப்பிடவில்லை.

டீச்சர் பலகையில் நடுவே கோடு கீறினா. ஒரு பக்கம் ‘நடந்தது’, மற்றப் பக்கம் ‘சேர்ந்தது’. இடுப்பளவு தண்ணீரைச் சொன்னேன். பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது.

“உப்பிடியெண்டா நானும் நடப்பன்!” என்றான் ஒருவன்.

“நீ குளிக்கவே கிணத்தடிக்குப் போகாய்!” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஒரே சிரிப்பு. கள்ளையும் சொன்னேன். டீச்சர் இருமினா.

பிறகு முன்வாங்கில் ஒரு சின்னப் பெண். “அப்பு, அந்த அம்மா திரும்பி வந்தவவோ?”

பின்னாலிருந்து ராசம்மாவின் குரல்.

“வரேல்லைப் பிள்ளை. நான்தான் வந்தனான்.”

டீச்சர் வெண்கட்டியோடு நின்றா. எந்தப் பக்கமும் எழுதவில்லை.

அதே நாள், பின்னேரம்

வழி முழுக்க ராசம்மா எனக்கு முன்னால் நடந்தாள். கோபமோ தெரியவில்லை. தேத்தண்ணி தந்துவிட்டுக் கதிரையை இழுத்து எதிரே இருந்தாள்.

“அண்ணை, அம்மா என்ன நிறம்?”

இத்தனை வயதுக்கும் கேட்காத கேள்வி. சொன்னேன். கறுப்பு. கட்டை. சிரித்தால் வாயைக் கையால் மூடுவா. வள்ளத்தில் என் காற்சட்டையைப் பிடித்த பிடி விடவில்லை.

“மூக்குத்தி போட்டிருந்தவவோ?”

தன் மூக்குத்தியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

அம்மா போட்டதே இல்லை. வாங்க வழியில்லை.

“ஓம்,” என்றேன். “வெள்ளைக் கல்லு.”