ஹால் மூடியைத் திறந்தபோது

1979 மார்ச் 12

ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டேன். மதியம் டீயில் பெயின்ட் வாடை. கெட்டிலைத் தேய்த்துக் கழுவி மறுபடி போட்டேன், அதே வாடை. பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் தீனெகா கையைத் தட்டிச் சிரித்தாள். "அப்பாடா! எனக்குத்தான் மூளை கழண்டுடுச்சோன்னு பயந்துட்டேன். போன மாசத்துலேந்து எங்க வீட்லயும் இதே கதைதான்டி."

ஹாலில், வீட்டுக்கு அடியில் இறங்குவதற்கான தரைமூடியைத் தூக்கிக் காட்டினாள். கீழே இருட்டு. ஈரம். அதிலிருந்து எழும்பிய நெடியில் எனக்குத் தலை கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தெருவே பழைய வாய்க்கால்களைத் தூர்த்து எழுப்பியது. எதைப் போட்டுத் தூர்த்தார்களோ, யார் கண்டது?

"முனிசிபாலிட்டியில சொல்லப் போறேன், நீயும் வா அலீடா" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 15

கணவன் ரூலாஃபிடம் சொன்னேன். நாளிதழிலிருந்து தலையை எடுக்கவில்லை. "புருஷன் விட்டுட்டுப் போனதுலேந்து அவளுக்கு எதையாவது கிளப்பிக்கிட்டே இருக்கணும். இந்த வீட்டுக்கு நான் எத்தனை சனிக்கிழமை தரை போட்டேன்னு உனக்கே தெரியும். நாளைக்கு 'வாடை அடிக்கிற தெரு'ன்னு பேர் வந்தா எவன் வாங்குவான்?" பிறகு குரலைத் தணித்து, "நீ இப்ப இருக்கிற நிலைமையில இதெல்லாம் மனசுல போட்டுக்காத" என்று என் வயிற்றைத் தொட்டான்.

அவன் சொல்வதும் சரிதானே? தெருவில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

மார்ச் 22

முனிசிபாலிட்டி அதிகாரி வந்தார். நல்ல கோட்டு, நல்ல மனிதர். தீனெகா எங்களையும் தன் வீட்டு ஹாலுக்குக் கூப்பிட்டிருந்தாள். மூடியைத் திறந்து வைத்து, அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "உங்களுக்கு ஏதாவது வாடை தெரியுதா?"

எதிர்வீட்டுக்காரர் இல்லை என்றார். அவர் மனைவி இல்லை என்றாள். ரூலாஃப் இல்லை என்றான்.

என் முறை. தீனெகா என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தாள்.

"இல்லை" என்றேன்.

சொல்லும்போதே மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். அந்த நெடி மூக்கில் ஏறக் கூடாதென்று.

அதிகாரி மூடியைச் சாத்தினார். "பழைய சேத்து வாடைம்மா. ஜன்னலைத் தொறந்து வைங்க."

மார்ச் 23

பால் மட்டும் குடித்தேன். தண்ணீர் இறங்கவில்லை.

ஜூன் 9

அவளைத் தெருவில் இப்போது 'மூக்கு' என்கிறார்கள். கசாப்புக் கடைக்காரர் கறியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "மோந்து பார்த்து வாங்கிக்கங்க மேடம்" என்றாராம். ரூலாஃப் அதைச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேனா? சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 30

லாரி வந்துவிட்டது. தீனெகா வீட்டை விற்றுவிட்டுப் போகிறாள், டோர்ட்ரெக்ட் நகரத்துக்கு. உதவிக்குப் போகவா வேண்டாமா என்று திரை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். அவளே வேலியருகில் வந்தாள். நான் வெளியே போனேன்.

"ஊரே வாடை இல்லைன்னு சொன்னது கூட எனக்குப் பெரிசில்லடி. அவங்க யாரும் எங்கிட்ட வந்து டீ நாறுதுன்னு சொல்லலை. நீ சொன்னே."

திரும்பிப் போய் லாரியில் ஏறிக்கொண்டாள். கோபமாகக் கூட இல்லை. கத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 19

யாப் பிறந்து ஒரு வாரம் ஆகிறது. வழக்கப்படி, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வெண்ணெய் தடவிய ரஸ்கில் சோம்பு மிட்டாய் தூவிக் கொடுத்தோம். தீனெகா வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மார்லீஸும் இடுப்பில் பெண்குழந்தையுடன் வந்தாள். இருபத்து மூன்று வயசுதான் இருக்கும். கிளம்பும்போது தயங்கி நின்றாள். "அக்கா, எங்க வீட்டு ஹால்ல ஒரு மாதிரி வாடை வருது. சாக்கடைக் குழாய் ஏதும் உடைஞ்சிருக்குமோ?"

"பழைய சேறும்மா. ஜன்னலைத் தொறந்து வை" என்றேன்.

அந்த அதிகாரியின் வார்த்தை. என் வாயிலிருந்து. அப்படியே.

1980 ஏப்ரல் 21

மார்லீஸ் வீட்டு வாசலில், தெருவுக்கெல்லாம் குடிதண்ணீர் வரும் குழாய் வெடித்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் குழியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் குழாயை இழுத்தார். அது நீண்டுகொண்டே வந்தது, மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி. குழியில் ஊறிய தண்ணீரில் நீலமும் பச்சையுமாக நிறங்கள் மிதந்தன. "எல்லாரும் தள்ளிப் போங்க, யாரும் சிகரெட் பத்த வைக்காதீங்க!" என்று கத்தினார். மண்வெட்டி எதிலோ மோதி நின்றது. ஒரு இரும்பு டிரம். துருப்பிடித்து வாய் பிளந்திருந்தது. அதன் கீழே இன்னொன்று.

அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் யாப்புக்கு எட்டு மாதமாகப் பால் கரைக்கிறேன்.

எனக்குத் தெரியும். தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வேன்? ஐயோ, தெரிஞ்சுதானே செஞ்சேன். கொதிக்க வச்சா சரியாப் போயிடும்னு நானே நினைச்சுக்கிட்டேன். யாரும் சொல்லலையே. நானா நினைச்சுக்கிட்டேன்.

மே 14

தெரு முழுவதையும் காலி செய்துவிட்டார்கள். விளையாட்டு மைதானத்தில் சக்கரம் வைத்த வண்டிவீடுகளை வரிசையாக நிறுத்தி எங்களை அவற்றில் வைத்திருக்கிறார்கள். தெருவில் வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் வீடுகளுக்கு அடியில் தோண்டுகிறார்கள். முதலில் டிரம்களை எண்ணிச் சொன்னார்கள். இப்போது எண்ணிக்கை சொல்வதில்லை. சாயக்கழிவு, கரைப்பான் என்று பத்திரிகையில் வருகிறது.

யாப்பின் சின்னக் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். "இப்போதைக்கு ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர்.

இப்போதைக்கு.

ஜூன் 17

டோர்ட்ரெக்ட் போனேன். தீனெகா துணிக்கடையில் வேலை செய்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். கடை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னித்துவிடு என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் சொன்னது நெசமாச்சுன்னு சந்தோஷமா இருப்பேன்னு நினைச்சியா? பேப்பர்ல பார்த்த அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கலை. அந்த வீட்டை ஒரு கைக்குழந்தைக்காரிக்குத்தானே வித்துட்டு வந்தேன்? வாடை அடிக்குதுன்னு நானும் அவகிட்ட சொல்லலையே."

அது எனக்குத் தோன்றியதே இல்லை. என் பாவத்தை மட்டுமே மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

கடைக்குள் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பும்போது, "இதையெல்லாம் எங்கிட்ட வந்து சொல்றே. அங்க சொன்னியா?" என்றாள்.

செப்டம்பர் 25

விசாரணை. எங்கள் தெருவுக்காகப் பேசும் வக்கீல் முன்பே சொல்லிவைத்திருந்தார்: யாருக்கும் எதுவும் தெரியாது, எந்த வாடையும் தெரியவில்லை, நஷ்டஈட்டுக்கு அதுதான் பலம். எல்லோரும் அதையே சொன்னார்கள். ரூலாஃபும்.

நான் எழுந்து, தீனெகா புகார் கொடுத்ததையும், அன்று அந்த ஹாலில் எனக்கு நெடி அடித்ததையும், இல்லை என்று பொய் சொன்னதையும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ, "கெடுத்தா பாரு" என்றார்கள்.

வெளியே மார்லீஸ் நின்றிருந்தாள். "அப்ப நான் வந்து கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், எனக்கு எட்டாத பக்கம். போய்விட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

காரில் ரூலாஃப் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

1981 மார்ச் 4

வீடு திரும்பினோம். மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய், வேறெங்கிருந்தோ வெள்ளை மணல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். நஷ்டஈடு எல்லோருக்கும் கிடைத்தது, சொன்னதை விடக் குறைவாக. என்னால்தான் என்கிறார்கள். இருக்கலாம்.

கசாப்புக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

ஆகஸ்ட் 12

யாப்புக்கு இரண்டு வயது. ஆப்பிள் கேக் சுட்டேன். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காபிக் கோப்பைகளை அடுக்கி, மூன்று மணிக்கே தயாராகிவிட்டோம். தெருவில் எல்லோரையும் அழைத்திருந்தேன். மார்லீஸையும். தீனெகாவுக்குக் கார்டு போட்டேன், வரமாட்டாள் என்று தெரிந்தே.

ஐந்து மணி வரை யாரும் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்வீட்டுக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். யாப் ஒவ்வொரு நாற்காலியாக ஏறி இறங்கி விளையாடினான். எல்லாம் தனக்காகவே போட்டது என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

ரூலாஃப் எழுந்தான். நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடித்துச் சுவரோரம் சாய்த்தான். கடைசியில் மூன்றை மட்டும் விட்டுவைத்து மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். நடு நாற்காலியில் யாப்பைத் தூக்கி உட்கார வைத்தான்.

"வெட்டு. பெரிய துண்டாவே வெட்டு" என்றான்.

வெட்டினேன்.