பலகை மூடிய குழி

அண்ணனுக்கு,

மதினி கொடுத்தனுப்பிய ஆட்டுக்கால் சூப்பை நாய்க்கு ஊற்றிவிட்டேன். தூக்குச்சட்டியைக் கழுவி அதற்குள் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

சூப்போடு வந்த தாளைப் படித்தேன். மாடித் தளத்தை உடைத்துக் குழி போட்டது, வாடகைக்கு இருந்து தையல் யூனிட் நடத்திய பிச்சை முகம்மது என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். தீயணைப்புக்காரர் பெண்டாட்டி சொன்னால் கோர்ட்டு நம்பும், இல்லையா?

பிச்சை முகம்மதும் யோக்கியரில்லை. குழியை மூடிய பலகையின் மேல் பாய் விரித்து மறைத்தவர். அதற்கு அவர் பதில் சொல்லட்டும். ஆனால் லிஃப்டுக்குக் குழி விட்டு, லிஃப்டு வைக்காமல் பலகை போட்டு வாடகைக்கு விட்டவன் நீ. தீப்பிடித்த அன்று வாசலில் நின்று, "மாடியில துணி மூட்டை கெடக்கு, சீக்கிரம் ஏறுங்க மாப்ள" என்றவனும் நீ.

ஏறிப்போய் அந்தக் குழியில் விழுந்த என் வீட்டுக்காரர் இப்போது புரண்டு படுக்கவும் என்னைக் கூப்பிடுகிறார்.

கட்டடத் திறப்பு விழாவில் நான் போனில் எடுத்த வீடியோ உனக்கு நினைவிருக்காது. அன்று அவருக்கு டூட்டி, வரவில்லை. ஃபாதர் தீர்த்தம் தெளிக்கிறார். என் மகள் மாடியில் ஓடுகிறாள். உன் முகம் இல்லை, குரல் இருக்கிறது: "ஏட்டி, அங்கன போவாத! பலகைக்குக் கீழ லிஃப்டு குழி. விழுந்தா இடுப்பு ஒடிஞ்சிரும்!"

வீடியோ எங்கள் வக்கீலிடம் இருக்கிறது. அது யார் குரல் என்று கோர்ட்டில் கேட்டால், அன்று மாடியில் ஓடிய உன் மருமகள் சொல்வாள்.

உன் தங்கச்சி